கவிழ்த்த சீட்டு

தனகோடிக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது என்று மரக்காணத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்தால்தானே, வந்தால் என்ன ஆகும் என்று பேசுவதற்கு? உப்பளத்தில் கூடை சுமக்கிறவள் அவள். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வாரிக் குவித்த ஈர உப்பைத் தலையில் ஏற்றி, வரப்பு வரப்பாக நடந்து மேட்டில் கொட்டுகிறவள். காலெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் உப்பு. அந்தக் காலோடு வீட்டுக்கு வந்து, சர்க்கரை நோய்க்கு ஒரு பாதத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடக்கும் புருஷன் மண்ணாங்கட்டிக்குச் சோறாக்கிப் போட வேண்டும். இப்படி இருக்கிறவளுக்குக் கோபம் வராமல் கும்மிப்பாட்டா வரும்?

அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. வைஜெயந்தியின் டீக்கடைக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய சாய்ப்பின் கீழே, மூணு சீட்டு ஆடும் கோரைப்பாய்.

ஐப்பசி பிறந்தால் உப்பளம் ஏரியாகிவிடும். தை பிறந்து தண்ணீர் வடிகிறவரை யாருக்கும் வேலை கிடையாது. அந்த மழைக்கால மத்தியானங்களில்தான் சீட்டு. காசு வைத்து ஆடினால் போலீசும் வரும், பெண்டாட்டியும் வருவாள் என்பதால் புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். கடைசியில் யாரிடம் கொட்டை குறைந்திருக்கிறதோ அவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். இதற்கா இத்தனை ரகளை என்று கேட்கிற மேதாவிகள் ஒரு மத்தியானமாவது அந்தப் பாயில் குந்திப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு மூன்று சீட்டு. கையில் வந்ததைப் பார்த்து, நம்பிக்கை இருக்கிறவர் நடுவில் கொட்டை போட்டுக்கொண்டே போவார். நம்பிக்கை இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒதுங்குவார். இரண்டு பேர் மிஞ்சியதும் ஒருவர் 'ஷோ' கேட்பார். யார் சீட்டு பெரிதோ அவருக்குக் கொட்டை. மூன்றும் ஒரே சீட்டாக வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிது, அதற்குக் கீழே வரிசையாக வரும் ரன், ஜோடி அதற்கும் கீழே. இது எல்லா ஊரிலும் இருப்பதுதான். அந்தப் பாயில் மட்டும் இருந்தது மரியாதை. ஷோ கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவர்தான் முதலில் விரிக்க வேண்டும். விரித்தால் மூன்றையும் ஒரே வீச்சில் விரித்துவிட வேண்டும், ஒவ்வொன்றாகத் திறந்து எதிராளியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளக் கூடாது. 'எடுத்துக்க' என்று வாயால் சொல்லிவிட்டால் சொன்னதுதான், அப்புறம் கையில் ராஜாவே இருந்தாலும் பேச்சு மாறக் கூடாது. ஜெயித்தவன் சிரிக்கலாம், தோற்றவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கவிழ்த்துப் போட்ட சீட்டை எவனும் திருப்பிப் பார்க்கக் கூடாது. கவிழ்த்தவர் பயந்து கவிழ்த்தாரோ, ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டு கவிழ்த்தாரோ, அது அவரோடு போய்விட வேண்டும். ஒருமுறை வழிப்போக்கனாக வந்து உட்கார்ந்த லாரி டிரைவர் ஒருவன், சும்மா பார்க்கிறேன் என்று அந்தோணிசாமி போட்ட சீட்டைப் புரட்டிவிட்டான். அந்தோணிசாமி சத்தம்கூடப் போடவில்லை. சீட்டுக்கட்டை எடுத்து ரப்பர் பேண்டு சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "டீயக் குடிச்சிட்டு வண்டிய எடுப்பா," என்றார். சீட்டுக்கட்டு அவருடையது. கடற்காற்றில் சீட்டு ஊறி ஒட்டிக்கொள்ளும் என்று அதற்கு முகப்பவுடர் போட்டுத் துடைத்து வைத்திருப்பார். வாழ்நாளெல்லாம் உப்பு வாரிய மனுஷன், அதிகம் பேசாதவர்.

தனகோடி அந்தப் பாய்க்கு முதலில் வந்தது மண்ணாங்கட்டியை வீட்டுக்கு இழுத்துப் போக. அப்போது அவனுக்கு இரண்டு பாதமும் இருந்தன. அவள் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் கையிலிருக்கும் சீட்டையே முறைத்துப் பார்ப்பாள். நல்ல சீட்டு என்றால் புருவம் இறங்கும், மட்டமான சீட்டு என்றால் உதடு பிதுங்கும். எதிரில் இருந்தவர்கள் மண்ணாங்கட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்து ஆட ஆரம்பித்தார்கள். தொடர்ந்து அவனே டீ வாங்கிக்கொண்டிருந்தான். எதனால் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்தோணிசாமிக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. "ஆடறவன் பின்னால நிக்கக் கூடாதும்மா. ஒண்ணு குந்தி ஆடு, இல்ல ஊட்டுக்குப் போ," என்றார்.

"குந்துனா இன்னா பண்ணிடுவீங்க?" என்று கேட்டபடி அவள் குந்தினாள். அன்று குந்தியவள்தான். மண்ணாங்கட்டி படுத்த பிறகும் அவனுடைய இடம் அவளுடையதாகவே இருந்தது.

ஏன் அந்தப் பாய்மேல் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கடையில் 'தள்ளி நில்லும்மா'. ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை, கையால் ஜாடைதான். ஆனால் பாயில் அவள் 'ஷோ' என்றால், ஆம்பிளைகள் மூன்று பேரும் ஆட்டத்தை நிறுத்தி நிமிர்ந்து உட்காருவார்கள். எதிரில் இருப்பவன் தன் கையில் இருப்பதை ஒளிக்காமல் அவள் முன்னால் விரித்து வைப்பான். அவள் பெரிய சீட்டாக வைத்திருந்தால் "நல்ல கை" என்று சொல்லிவிட்டுக் கொட்டையை அவள் பக்கம் தள்ளுவான். உலகத்தில் வேறு எங்கேயும் அவளுக்கு யாரும் எதையும் அப்படித் தள்ளியதில்லை.

அந்த மூன்று பேரில் ஒருவர் அந்தோணிசாமி. இன்னொருவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் பிரபாகரன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். மூன்றாமவன் விஜயகுமார். அவனும் அந்தோணிசாமி பக்கத்தில் நின்று உப்பு வாரியவன்தான். சீட்டு விரிக்கிற அழகில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஷோ என்ற சத்தம் அடங்குமுன் மூன்று சீட்டும் பாயில் வரிசையாகக் கிடக்கும். தோற்றாலும் முகம் கோணாது. "விஜி மாரி விரிங்க" என்று தனகோடியே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் அவன் மேஸ்திரி ஆனான். உப்பளத்துக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை. தையில் எந்த ஆள் உப்பு வாரலாம், எந்தப் பெண் கூடை தூக்கலாம், யார் வர வேண்டாம் என்று சொல்வது அவன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் பட்டப்பகலில் பிடித்தான். பாய்க்கு வந்தால் எல்லாரும் நகர்ந்து இடம் விட வேண்டும். ஷோ கேட்டால் முதலில் போனை எடுத்துப் பார்ப்பான். அப்புறம் ஒரு சீட்டு. அப்புறம் ஒரு வாய் டீ. அப்புறம் இன்னொரு சீட்டு. அந்தோணிசாமி கீழே பார்த்துக்கொள்வார். பிரபாகரன் சிரிப்பான். தையில் வேலை வேண்டுமே, அந்தோணிசாமியைச் சொல்லிக் குற்றமில்லை என்று தனகோடி முதலில் நினைத்தாள். அப்புறம், இந்தப் பிரபாகரனுக்கு என்ன கேடு, அவன் ஆட்டோதானே ஓட்டுகிறான் என்று நினைத்தாள். உப்பளத்துப் பெண்களைப் பக்கத்து ஊரான அனுமந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஏற்றிப் போகிற சவாரியும் மேஸ்திரி கையில்தான் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தனகோடியும் விஜயகுமாரும் மட்டும் ஆட்டத்தில் மிஞ்சியிருந்தார்கள். நடுவில் கொட்டை நிறையக் கிடந்தது. தனகோடி கையில் ஒரு ரன், எட்டு ஒன்பது பத்து. அவள் ஷோ கேட்டாள்.

விஜயகுமார் தன் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "போச்சுக்கா. ஒண்ணுமில்ல. எடுத்துக்க."

சொன்னால் சொன்னதுதானே. தனகோடி இரண்டு கையாலும் கொட்டையை அணைத்தாள். அப்போது அவன், "கைய எடுக்கா, கைய எடு," என்று சொல்லிக்கொண்டே ஒரு ராஜாவைப் போட்டான். டம்ளரை எடுத்து உறிஞ்சினான். இரண்டாவது ராஜா. அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். மூன்றாவது ராஜா.

பிரபாகரன் விழுந்து விழுந்து சிரித்தான். தனகோடியின் கை இன்னும் கொட்டைமேல் இருந்தது. அதுதான் அவனுக்கு வேடிக்கை.

"எடுத்துக்கன்னு சொன்ன இல்ல?" என்றாள் தனகோடி.

"தமாஷுக்கா."

"சொன்னியா இல்லியா?" அவள் அந்தோணிசாமி பக்கம் திரும்பினாள். "ண்ணா, சொன்னானா இல்லியா? நீ சொல்லு."

அந்தோணிசாமி சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, "விடு தனகோடி, அடுத்த ஆட்டம் போடலாம்," என்றார்.

அந்த 'விடு'தான் அவளைக் கொளுத்தியது. ராஜாக்களை அவள் மறந்துவிட்டிருப்பாள். பாயில் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த வாய் திறந்தது. "சீட்டு விரிக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா பாயி? மேஸ்திரின்னா ஒப்பளத்துல. இங்க வந்து எவன்கிட்ட காட்டுற? ரெண்டு ஆளு சிரிச்சா நீ பெரிய மனுசனாடா?" என்று தொடங்கி, இங்கே எழுத முடியாத சிலவற்றையும் சொல்லி, கொட்டையை அள்ளி மழையில் வீசிவிட்டு எழுந்து போனாள். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வைஜெயந்தி பாலை அடுப்பிலேயே பொங்க விட்டுவிட்டாள்.

மறுநாள் பிரபாகரன் அவள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினான். சிரிக்கவில்லை.

"மேஸ்திரி சொல்லச் சொன்னாருக்கா. அல்லாரும் இருக்கச்சே பேசுன இல்ல, அதே பாயில அல்லாரும் இருக்கச்சே வந்து ஒரு வார்த்த சொல்லிடணுமாம். இல்லன்னா தைக்கு வேற ஆளு பாத்துக்கறாராம். வயசுப் பொண்ணுங்க நெறய கேக்கறாங்களாம்."

"இன்னா வார்த்த?"

"தெரியாத மாரி கேக்கறியே."

அவன் போன பிறகு தனகோடி வாசலிலேயே நின்றாள். வயசுப் பொண்ணுங்க என்று சொன்னது அவளுக்கு உறைத்தது. அவளைவிட ஒரு கூடை அதிகமாக எவளும் தூக்கிவிட முடியாது. ஆனால் தூக்கிக் காட்டுவதற்கு முதலில் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டியில் ஏற வேண்டுமே. அந்த வண்டி அவன் கையில். தையில் வேலை இல்லையென்றால் ஆனி ஆடிவரை இல்லை. மண்ணாங்கட்டியின் மாத்திரைக்கும் அடுப்புக்கும் அந்தக் கூடைதான் கதி.

மண்ணாங்கட்டி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "போய் சொல்லிட்டு வா," என்றான்.

"யோவ், அவன் பேச்சு மாறுனான்யா. நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

"மாறுனாந்தான். எனக்குத் தெரியாதா? நான் அந்தப் பாயில இல்லாத ஆளா?" அவன் போர்வையை இழுத்து, பாதமில்லாத காலை மூடிக்கொண்டான். "எனக்கு மட்டும் ஆசையா? இந்தக் காலு இருந்தா நீ ஏன் போய் நிக்கற?"

அவன்மேலும் கோபம் வந்தது. அந்தக் காலின்மேலும் கோபம் வந்தது. அன்று மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள்.

பாயில் மூன்று பேரும் இருந்தார்கள். அவள் இடம் காலியாக இருந்தது. சாய்ப்புக்கு வெளியே, என்றும் இல்லாத கூட்டம். மேஸ்திரியே நாலு பேரிடம் சொல்லி வைத்திருப்பான் போல. அவள் உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"இன்னாக்கா அவசரம்? மொதல்ல ஆடுவோம். அப்புறம் பேசிக்கலாம்."

சொல்லிவிட்டுப் போகக்கூட விடமாட்டான். கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டுப் புல்லைக் காட்டுகிற ஜாதி. தனகோடி பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். சில ஆட்டம் சீட்டு வந்த உடனேயே கவிழ்த்தாள். கையில் என்ன இருக்கிறது என்றே அவள் சரியாகப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு கை வந்தது. மூன்றும் ஏழு.

அவளுக்கு அப்படி ஒரு கை அந்த மழைக்காலம் முழுக்க வரவில்லை. பழக்கம், கை தானாகக் கொட்டையை எடுத்து நடுவில் போட்டது. அந்தோணிசாமி கவிழ்த்தார். பிரபாகரன் கவிழ்த்தான். விஜயகுமார் விடாமல் போட்டான். அவளும் போட்டாள். வெளியே நின்றவர்கள் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் முகத்தில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த முகம் எப்போதோ பழகிவிட்டிருந்தது.

"ஷோ," என்றான் விஜயகுமார்.

கேட்டது அவன், அதனால் முதலில் விரிக்க வேண்டியது அவள். தனகோடி மூன்று ஏழையும் பார்த்தாள். விரித்தால் அவன் முகம் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். மன்னிப்பு வாங்க ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு தோற்றுப்போனால், அந்த ஆத்திரத்தில் எந்த வண்டி, எந்த வேலை? அவள் எந்த வார்த்தை சொன்னாலும் ஏறாது. விரிக்கத்தான் கை துடித்தது. மாத்திரை அட்டை நினைவுக்கு வந்தது, வந்து தொலைத்தது.

அவள் மூன்று சீட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாயில் கவிழ்த்தாள்.

"எடுத்துக்க தம்பி. நீதான் ஜெயிச்ச," என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்து வாய் நீண்டுடுச்சி. தப்புதான். மனசுல வெச்சிக்காத," என்றாள்.

அவ்வளவுதான். அவன் கேட்ட எல்லாமும் கிடைத்துவிட்டது. கொட்டை கிடைத்தது, வார்த்தை கிடைத்தது, கேட்க ஆளும் இருந்தார்கள். அத்தோடு கொட்டையை அள்ளிக்கொண்டு அவன் ஒரு டீ சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தனகோடி தையில் அவன் வண்டியில் ஏறியிருப்பாள், மூன்று ஏழும் அவளோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆனால் ஜெயித்தது அவனுக்குப் போதவில்லை. தன் சீட்டைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். "பாத்துக்குங்க, ஜோடி ராணி! வெறும் ஜோடிக்கே அக்கா பயந்துடுச்சி. இத்தினி கொட்டய எத்த நம்பிப் போட்டுச்சின்னு பாக்கலாமா?" அவன் கை அவள் கவிழ்த்த சீட்டுமேல் போயிற்று.

"விஜி," என்றார் அந்தோணிசாமி. "கைய எடு."

"சும்மா இருண்ணா."

"டேய், அது கவுத்த சீட்டு."

அவன் புரட்டினான்.

ஏழு, ஏழு, ஏழு. வெளியே நின்ற ஒருவன், "அட, மூணும் ஏழு!" என்றான். பிரபாகரனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவன் சிரிப்புக்கு ஆள் பேதம் கிடையாது. நேற்று அவளைப் பார்த்து எப்படிச் சிரித்தானோ அப்படியே இன்று மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தான்.

விஜயகுமாரின் முகம் கறுத்துவிட்டது. "இன்னாது இது? எனக்குப் பிச்ச போடறியா நீ?"

தனகோடி எழுந்தாள். இனி இழக்க ஒன்றுமில்லை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "ஆமாண்டா, பிச்சதான். ஆனா மூடிப் போட்டேன்டா, யாருக்கும் தெரியாம. ஒன் மானத்துக்கும் சேத்து நான் மூடினேன். மூடுனத எவன் தொறந்தான்? நீ சும்மா இருந்திருந்தா நீ ஜெயிச்சவன், நான் தோத்தவ. ஊரே அப்படித்தான்டா சொல்லியிருக்கும். தோத்துக் குடுத்தாக்கூட வாங்கிக்கத் தெரியாத மூதேவி!"

"தையில வண்டி வரும்ல? இந்தம்மா அதுல ஏறுனா நான் மேஸ்திரியே இல்ல," என்று கத்தினான் அவன்.

"தூ! ஒன் வண்டி!" என்றாள் அவள்.

அந்தோணிசாமி சீட்டுகளைப் பொறுக்கினார். மூன்று ஏழையும், ஜோடி ராணியையும் சேர்த்துக் கட்டாக்கி, ரப்பர் பேண்டு சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு விஜி," என்றார். லாரி டிரைவருக்குச் சொன்ன அதே குரல். அவர் எழுந்ததும் பிரபாகரனும் எழுந்தான். மேஸ்திரி தனியாகப் பாயில் உட்கார்ந்திருந்தான். அந்த மழைக்காலத்தில் அதற்குப் பிறகு அங்கே சீட்டு நடக்கவில்லை. அவன் மட்டும் சில நாள் வந்து, போனில் தனியாக ஏதோ ஆடிக்கொண்டிருந்துவிட்டுப் போவான் என்று வைஜெயந்தி சொன்னாள்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாக இருக்கும். நியாயம் ஜெயித்தது என்று கேட்கிறவர்களும் தூங்கப் போகலாம். ஆனால் தை என்று ஒன்று வந்தது.

தண்ணீர் வடிந்தது. பாத்தியைச் சேறாக்கி மிதிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கும் நாள், விடியற்காலையில் குட்டியானை வண்டி ரோட்டோரம் வந்து நின்றது. தனகோடியும் போய் நின்றாள். ஏற்ற மாட்டான் என்று தெரிந்தேதான் போனாள். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். விஜயகுமார் முன்சீட்டிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டவர்கள் ஏறினார்கள். பாயைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஏறினார்கள். கடைசியில் "அந்தோணிண்ணா" என்றான். அந்தோணிசாமி தனகோடியைத் தாண்டிப் போய், கம்பியைப் பிடித்து ஏறினார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, 'இது தப்பு விஜி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயிலிருந்து எழுந்த மனுஷன் வண்டியில் ஏறிவிட்டார்.

மேஸ்திரிமேல் வந்ததைவிட அவர்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. புளியங்கொட்டைக்கு எழுந்து நின்ற மரியாதை, வயிற்றுக்கு வந்தபோது எங்கே போயிற்று? சீட்டில் நியாயம் பேச எல்லாருக்கும் முடிகிறது.

அவள் வேறு மேஸ்திரியைத் தேடிப் போனாள். அனுமந்தைப் பக்கத்துக்காரன் ஒருவன் சேர்த்துக்கொண்டான். தூரம் அதிகம், கூலி குறைவு, வரப்பு சரியில்லாத பழைய பாத்திகள். இருந்தாலும் கூடை கூடைதான். வீட்டில் மண்ணாங்கட்டி அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஒரே ஒருநாள், "மூணும் ஏழா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். "கவுத்துட்டியே" என்று சொல்லிவிட்டு, அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு அந்தோணிசாமி வந்தார். கையில் ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக்கட்டு. வாசலிலேயே நின்றார்.

"மண்ணாங்கட்டியும் இருக்கான். பிரபாகரன் வரேன்னான். இங்கியே நாலு கை போடலாமா?" என்றார்.

தனகோடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "வண்டில ஏறச்சே ஒரு வார்த்த வரல ஒங்களுக்கு. இப்ப சீட்ட தூக்கினு வந்துட்டீங்க. நான் அங்க நின்னத பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

அவர் காரணம் சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் கிழித்துவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். வயசாயிடுச்சி என்பார், கடன் என்பார், நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவானா என்பார்.

"பயந்துட்டேன்," என்றார் அந்தோணிசாமி. "வேற ஒண்ணுமில்ல தனகோடி. பயந்துட்டேன்."

முறம் நின்றது. வைத்திருந்த பதில் ஒன்றும் அதற்கு உதவவில்லை. கோபமும் போகவில்லை. கட்டிலில் இருந்து மண்ணாங்கட்டி, "வாய்யா, உள்ள வா," என்று கூப்பிட்டான். அந்தோணிசாமி அசையவில்லை. அவள் சொல்வதற்காக நின்றார்.

"உள்ள வந்து குந்துங்க, டீ போடறேன்," என்றாள் தனகோடி. "சீட்ட வெளிய வெச்சிட்டு வாங்க."

அவர் சீட்டுக்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வெளியன்னு சொன்னேன்," என்றாள் அவள்.

அவர் திரும்பிப் போய், சீட்டுக்கட்டை எடுத்து வாசற்படியில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.